தரையை அளந்தவன்

வெளிச்சத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதுமுன் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் வீட்டுக் குளியலறை விளக்கு எட்டு மாதமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு மாற்றுகிறேன் என்று நானும் எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி இப்போது அதன் தாளத்துக்கே பல் துலக்கப் பழகிவிட்டாள். இப்படிப்பட்ட ஆள்தான் செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை முப்பத்தைந்து வருடம், அடுத்தவர் வீட்டில் எங்கே வெளிச்சம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

வயர்மேனாகத்தான் தொடங்கினேன். பிறகு விசிட்டிங் கார்டில் ‘ஒளி ஆலோசகர்’ என்று அச்சடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் ஏணியில் ஏறுவதைக் குறைத்துவிட்டேன். சட்டைப்பையில் கார்டு கனத்தது.

எந்த வயர், எத்தனை வாட், சுவிட்ச் எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்கள். இல்லாவிட்டால் ஃபோனில் பார்த்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு.

மாமல்லபுரத்தில் மீன் வியாபாரம் செய்கிற ஓர் அம்மாள் புது வீடு கட்டினார். சாப்பாட்டு மேசைக்கு மேலே நீலம் கலந்த பளீர் வெள்ளை விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டேன். ஆபரேஷனே செய்யலாம், அப்படி ஒரு வெளிச்சம். மறுநாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, அந்த விளக்கின் கீழே வஞ்சிரம் வறுவல் தட்டை வைத்தார்.

“காலீல கரைல எடுத்த மீனு நைனா. பாரு, செத்து ஒரு வாரம் ஆன மாதிரி கீது. என் வூட்டு மீன என் புள்ளைங்களே மோந்து பாத்துத் துன்னுதுங்க.”

மஞ்சள் கலந்த விளக்காக மாற்றினேன். மீனுக்கு உயிர் வந்தது. எனக்கும் ஒரு துண்டு வந்தது. விளக்கைப் பார்த்து வேலை செய்யக் கூடாது, அது எதன்மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அன்றே கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், கருங்குழிக்குப் போகும்வரை.

கருங்குழியில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே முருகன், கல்பனா என்ற தம்பதி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். முருகனுக்குக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் லேத் வேலை. கல்பனா வீட்டிலேயே தையல். இருவருக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவர்களோடு இருந்த முருகனின் தங்கை ரேவதிக்கும் அப்படித்தான். மூவரும் கையால் பேசுவார்கள். வாயால் பேசுகிறவன் கல்பனாவின் தம்பி சேகர் ஒருவன்தான். நாலு பேருக்கும் சேர்த்து அவனே பேசினான்.

சேகர் லோடு வண்டி ஓட்டுகிறவன். மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் சரக்கு இறக்கப் போனபோது வரவேற்பறையை எட்டிப் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை.

“அண்ணாத்த, அக்கா வூடும் அத மாதிரி இருக்கணும். பல்பே கண்ல படக் கூடாது. ஆனா வெளிச்சம் எங்கேர்ந்தோ வந்துகினே இருக்கணும்.”

எனக்கு அது பாயசம் மாதிரி இறங்கியது. பல்பு தெரியாத வெளிச்சம்தான் அப்போது என் வியாதி. சேகர் வாயைத் திறக்கத் திறக்க நான் குறித்துக்கொண்டேன். அந்த வீட்டில் வாழப்போகிற மூன்று பேரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டியதோடு சரி. பேசுகிறவன் ஒருவன் இருந்தால் அவனிடமே கேட்டுவிட்டுப் போவது எவ்வளவு சுலபம் தெரியுமா? உங்களுக்கும் தெரியத்தான் போகிறது.

ஒரு நாள் கல்பனா ஒரு தாளை நீட்டினார். ஜாக்கெட் அளவு எழுதுகிற நோட்டிலிருந்து கிழித்தது. அதில் சமையலறையை வரைந்திருந்தார். நடுவில் இரண்டு குச்சி மனிதர்கள். வாசலுக்கு மேலே ஒரு டியூப் லைட், எதிரே ஜன்னலுக்கு மேலே இன்னொன்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சின்னச் சமையலறையில் இரண்டு டியூப் லைட் எதற்காக முறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்? அடுப்புக்கு மேலே ஒன்று போட்டால் தீர்ந்தது என்று சேகரிடம் சொன்னேன்.

“போட்டுட்டுப் போ அண்ணாத்த. எங்க அக்காகிட்ட சண்ட போட்டு ஜெயிக்க முடியாது. கண்ண மூடிக்கினாதான் உண்டு.”

அடுப்பங்கரையை யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று, அவர் வரைந்திருந்த இரண்டையும் அப்படியே போட்டேன். தாளின் மறுபக்கத்திலும் ஏதோ வரைந்திருந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை. அன்று மாலை கையில் சிக்கிய தாள் அதுதான் என்பதால், மிச்சமிருந்த ஸ்குரூக்களை அதில் பொட்டலம் கட்டி வேலைப் பையில் போட்டேன்.

ஹாலில் என் வித்தையெல்லாம் காட்டினேன். கூரை ஓரமெங்கும் மறைவாக ஓடும் எல்.இ.டி. பட்டை. நடுவில் குழி குழியாக இறங்கிய ஸ்பாட் லைட்டுகள், ஒவ்வொன்றும் தரையில் வட்டமாகப் பூப்போடும். சோபாவுக்குப் பின்சுவர் முழுக்க, பின்னாலிருந்து ஒளிரும் ஒரு பலகை. அதுதான் மகுடம். சோபாவில் உட்கார்ந்தவர் தேர்ச்சுவாமி மாதிரி ஒளிவட்டத்தோடு இருப்பார். டியூப் லைட் என்ற சொல்லே அந்த ஹாலில் கூடாது என்று, அதற்காக விட்டிருந்த பாயின்ட்டைக்கூட சிமென்ட் வைத்து மூடினேன். வேலை முடிந்ததும் வெளிச்சத்தை அளக்கிற மீட்டரை எடுத்து ஹாலின் தரையில் நாலு இடத்தில் வைத்துப் பார்த்தேன். எண்கள் அருமையாக வந்தன.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், முதல் முறையாக எல்லாவற்றையும் போட்டேன். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அந்தி நேரத்தில் சுவிட்சைத் தட்டியதும் கை தானாகக் கும்பிடும். எண்ணெய் விளக்கா எல்.இ.டி.யா என்று கை பார்ப்பதில்லை. எத்தனையோ வீடுகளில் அந்தக் கும்பிடில் ஒரு சின்னப் பங்கை நான் திருட்டுத்தனமாக எனக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அன்றும் எடுத்துக்கொண்டேன். கல்பனா கும்பிட்டு முடித்தார், கையைத் தன் முகத்துக்கு முன்னால் இரண்டு முறை அசைத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து வேகமாக ஏதோ சொன்னார். என்ன என்று சேகரைக் கேட்டேன்.

“சூப்பரா கீதுன்னுது அண்ணாத்த” என்றான்.

அவர் முகத்தைப் பார்த்தால் அது சூப்பர் போலத் தெரியவில்லை. ஆனால் பாராட்டைச் சந்தேகிப்பது என் பழக்கமில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை ரேவதியைப் பெண் பார்க்க மாமல்லபுரத்திலிருந்து வருவதாக இருந்தது. மாப்பிள்ளை பெயர் ஜீவா. ஒரு ஹோட்டலில் ரொட்டி, கேக் போடுகிறவர். அவருக்கும் காது கேட்காது. அவருடைய அம்மாவுக்குக் கேட்கும்.

ரேவதிக்கு இது மூன்றாவது இடம். முந்தைய இரண்டு முறையும் வாய் உள்ளவர்களே கூடிப் பேசி முடித்துவிட்டு, அவள் பக்கம் திரும்பித் தலையாட்டச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு முறையும் ஆட்டினாள், பக்கவாட்டில். இந்த முறை முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: மாப்பிள்ளையிடம் தானே நேரில் பேச வேண்டும், தனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குப் பதில் கிடைத்தால்தான் மேற்கொண்டு எதுவும். வீடியோ காலில் பேசிக்கொள்ளலாமே என்றதற்கு, திரையில் பாதிக் கை வெட்டிப்போகிறது, எனக்கு முழு ஆளாக வேண்டும் என்றாளாம். ஜீவாவுக்கு வாரத்தில் அரை நாள்தான் லீவு. அந்த அரை நாள் இதுதான்.

என்னை யாரும் முறையாக அழைக்கவில்லை. ஹாலில் நாலு பேர் உட்கார்ந்து என் விளக்குகளை ரசிப்பதைப் பார்க்கும் ஆசையில், ஒரு ஸ்பாட் லைட்டைச் சரிபார்க்க வேண்டும் என்று பொய் சொல்லிக்கொண்டு வேலைப் பையோடு போய்விட்டேன்.

அவர்கள் நாலு மணிக்கு வர வேண்டியது. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு ஒரு பஸ், அங்கிருந்து கருங்குழிக்கு இன்னொன்று. வந்து சேரும்போது ஆறேகால். ஜன்னல் வெளிச்சம் போய்விட்டது. நான் மனசுக்குள் பஸ்ஸுக்கு நன்றி சொன்னேன். இருட்டினால்தானே என் ஆட்டம்.

ரேவதியை மகுடத்துக்கு முன்னால், சோபாவில் உட்கார வைத்தார்கள். ஜீவா எதிரே நாற்காலியில், ஒரு ஸ்பாட் லைட்டின் நேர் கீழே. காபி வந்தது. பெரியவர்கள், பேசுங்கள் என்று ஒதுங்கினார்கள். ஜீவா கையை எடுத்தார்.

முதல் இரண்டு நிமிடம் எனக்கு எதுவும் புரியவில்லை. ஜீவா ஏதோ கேட்டார். ரேவதி முன்னால் சாய்ந்து கண்ணை இடுக்கினாள். அவர் மறுபடி கேட்டார். அவள் பாதி பதில் சொல்லி நிறுத்தினாள். இப்போது அவர் கண்ணை இடுக்கினார். அவள் திரும்பச் சொன்னாள். அவர் தவறாக எதையோ புரிந்துகொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இருவர் கையும் தயங்கித் தயங்கி மடிக்குப் போயின. ஒருவரையொருவர் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா பக்கத்திலிருந்த தன் உறவுக்காரரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்த வீட்டில் குரலைத் தாழ்த்த அவசியமில்லை. ஆனாலும் தாழ்த்தினார்.

“பொண்ணு இன்னா, கேட்டதுக்கு முழிச்சிகினே கீது? கொஞ்சம் மந்தமா இருக்கும் போல. கெளம்பலாமா, பஸ் போயிடும்.”

அது எனக்குக் கேட்டது, சேகருக்கும் கேட்டது. அவன் முகம் சுண்டைக்காய் ஆகிவிட்டது. மெல்ல என் அருகில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

“அக்கா அன்னிக்கே சொல்லிச்சு அண்ணாத்த. மூஞ்சி தெரில, இங்க எப்டி பேசறதுன்னு. நீ ஆசயா போட்டுகினு இருந்தியா, மனசு நோவப்போதுன்னு நாந்தான்...”

அப்போதுதான் நான் ரேவதியை ஜீவாவின் இடத்திலிருந்து பார்க்கப் போனேன். நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். சோபாவில் பெண் இல்லை. பெண் வடிவத்தில் வெட்டிய கறுப்பு அட்டை ஒன்று இருந்தது. அதைச் சுற்றி என் ஒளிவட்டம் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. அட்டையின் நடுவில் எங்கேயோ கைகள் அசைந்தன. ஜீவாவின் பக்கம் பார்த்தேன். உச்சந்தலை பளபளவென்றிருந்தது, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நிழல் குழிகள். கை மார்புக்கு நேரே இருக்கும்போது வெளிச்சத்தில் பூத்தது, கொஞ்சம் விலகினால் இருட்டில் விழுந்தது. அவர்கள் மொழியில் ஒரு சொல்லைக் கேள்வியாக்குவது புருவம் என்று பிற்பாடு சொன்னார்கள். கை பேசும், முகம் அதன் குரல். குரலை நான் சுவருக்குப் பின்னால் வைத்துப் பூட்டியிருந்தேன்.

தரையில் மட்டும் அருமையான வெளிச்சம். எண் தப்பே இல்லை. தரையோடு யாரும் பேசுவதில்லை என்பதுதான் பிரச்சினை.

கல்பனா எழுந்தார். சுவிட்ச் போர்டுக்குப் போய் ஹால் விளக்கு முழுவதையும் இரண்டு முறை அணைத்து அணைத்துப் போட்டார். அந்த வீட்டில் எல்லோரையும் கூப்பிடும் முறை அது. காது கேட்காதவர்கள் உடனே திரும்பினார்கள். கேட்கிறவர்கள் கரண்ட் பிரச்சினை என்று கூரையைப் பார்த்தார்கள். கல்பனா ரேவதியையும் ஜீவாவையும் பார்த்துச் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அது தாங்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

“பொண்ணு பாக்க வந்தவங்கள அடுப்பங்கரைக்கு இட்டுகினு போறீங்களே, இது இன்னா மரியாத?”

பதில் சொல்ல வேண்டியவன் சேகர். அவன் மெல்ல என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். எனக்கும் கால் வாசல் பக்கம்தான் போகப் பார்த்தது. நான் விருந்தாளிகூட இல்லை, பையைத் தூக்கிக்கொண்டு நழுவினால் யாரும் தேடமாட்டார்கள். மந்தமான பெண் என்ற பெயரை அவள் சுமந்துகொள்வாள், நான் அடுத்த வீட்டில் அடுத்த ஒளிவட்டம் போடலாம். வீரத்தில் நான் அப்படி ஒன்றும் பெயர் போனவனல்ல. எப்படியோ வாயிலிருந்து வந்துவிட்டது.

“அம்மா, தப்பு பொண்ணு மேல இல்ல. என் மேல. இந்த லைட்டெல்லாம் போட்டவன் நான்.”

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஹாலைப் பார்த்தார்.

“லைட்டு இன்னாத்துக்கு? லைட்டு நல்லாத்தானே கீது. ஓட்டல் மாதிரி கீது.”

முப்பத்தைந்து வருடத்தில் பாராட்டிய ஒருவரையும் நான் மறுத்ததில்லை. அன்று மறுக்க வேண்டியிருந்தது.  வாங்கம்மா, உங்கள் பையன் உட்கார்ந்த நாற்காலியில் ஒரு நிமிடம் உட்காருங்கள், பெண்ணைப் பாருங்கள் என்றேன். முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். பார்த்தார். தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார், வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

“அட, ஆமா” என்றார். “மூஞ்சியே காணோம்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “இத்தப் போடறதுக்கு ஒரு ஆளா?” என்றார். விசிட்டிங் கார்டு எடை இறங்கிப்போனதை உணர்ந்தேன்.

எல்லோரும் சமையலறைக்குப் போனோம். எட்டுப் பேர். கிரைண்டருக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவில் நிற்க இடமில்லை. நான் ஃபிரிட்ஜில் பாதியாக ஒட்டிக்கொண்டேன். வாசலுக்கு மேலே ஒரு டியூப் லைட், எதிரே ஜன்னலுக்கு மேலே ஒன்று. நான் சிரித்த அதே இரண்டு. அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்றிடமிருந்து வெளிச்சம் வாங்கிக்கொண்டது. ஒரு முகத்திலும் இருட்டில்லை.

ரேவதி நிமிர்ந்தாள். ஜீவா ஒரு கேள்வி கேட்டார். அவள் கை பறந்தது.

நான் பார்த்தது ஒரு மொழி பேசப்படுவதை. மந்தமாம்! அவள் பேசிய வேகத்துக்கு என் கண் பின்னால் ஓடி மூச்சு வாங்கியது. விரல், மணிக்கட்டு, தோள், புருவம், கன்னம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் இருந்தன. ஏதோ ஒரு மேனேஜரை நடித்துக் காட்டினாள் என்று நினைக்கிறேன். அந்த ஆளின் தொப்பையும் அலட்சியமும் ஒரு நொடி அவள்மேல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போயின. ஜீவா குலுங்கிச் சிரித்தார். பதிலுக்கு அவர் மாவு பிசைந்தார், அடுப்பில் வைத்தார், பொங்கி வந்த ரொட்டியை முகத்தாலேயே காட்டினார். எனக்குப் பசித்தது. இத்தனை வருடம் வெளிச்சத்தைப் பொருள்களின் மேல் விழுகிற ஒன்றாகவே நினைத்திருந்தேன். இந்த வீட்டில் அது காற்று மாதிரி இருவருக்கு நடுவில் நின்று பேச்சைச் சுமந்துகொண்டு போனது.

பிறகு ரேவதியின் கைகள் வேகம் குறைந்தன. அவளுடைய கேள்வி வந்துவிட்டது என்பது பாஷை தெரியாத எனக்கே தெரிந்தது.  சேகர், மாப்பிள்ளையின் அம்மாவுக்காக, எடுத்துச் சொன்னான்.

“சண்ட வந்தா லைட்ட அணைப்பியான்னு கேக்குது.”

அம்மாளுக்குப் புரியவில்லை. எனக்கே ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. விளக்கை அணைத்துவிட்டால் அவளால் ஒரு வார்த்தை பேச முடியாது. அவர் பேச வேண்டியதைப் பேசி முடித்து, சுவிட்சைத் தட்டினால், கடைசி வார்த்தை என்றைக்கும் அவருடையது. நாம் கதவைச் சாத்துவதும் கத்தி அடக்குவதும் எதுவும் இதற்கு ஈடில்லை. யாருக்கோ அது நடந்ததை அவள் பார்த்திருக்க வேண்டும்.

 ஜீவா அவளையே பார்த்தார். பிறகு நிதானமாக, நாங்கள் எல்லோரும் பார்க்கிற மாதிரி, காற்றில் ஒரு சுவரை வரைந்தார். அதில் ஒரு சுவிட்ச் வைத்தார். அந்தச் சுவரை அப்படியே பெயர்த்துத் தூக்கி அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். சேகர் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “காபி இன்னொரு தபா போடும்மா” என்றார்.

அடுத்த பஸ்ஸுக்கு அவர்கள் போன பிறகு, என் வேலைப் பையில் ஸ்குரூப் பொட்டலத்தைத் தேடி எடுத்துப் பிரித்தேன். தாளின் மறுபக்கத்தில் ஹால் இருந்தது. ஐந்தாறு குச்சி மனிதர்கள், சோபாவில், நாற்காலியில், படியில், வாசலில். ஒவ்வொரு முகத்திலிருந்தும் மற்ற எல்லா முகங்களுக்கும் கோடு. சிலந்தி வலை மாதிரி. இரண்டு பக்கச் சுவர்களிலும், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, சின்னச் சின்ன விளக்குகள். சோபாவுக்குப் பின்சுவரில் ஒன்றுமே இல்லை. அங்கே பெருக்கல் குறி போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தார். என் தொழிலில் நான் பார்த்த மிகச் சிறந்த வரைபடம் அது. ஒரு ஸ்குரூ அதில் ஓட்டை போட்டிருந்தது.

ஹாலை மறுபடி செய்தேன். சேகரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டேன். மீட்டரை எடுக்கவில்லை. கல்பனா சோபாவில் உட்கார்ந்தார், ரேவதி ஒவ்வொரு மூலையாகப் போய் நின்று பேசினாள், பிறகு இடம் மாறிக்கொண்டார்கள். பேச்சைப் பார்க்கிறவரின் கண் எங்கே இடுங்குகிறதோ அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டேன். எல்லா வட்டமும் அழிகிறவரை விளக்கைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். ஒளிவட்டப் பலகையைக் கழற்றும்போது கொஞ்சம் வலித்தது, சொல்வதற்கென்ன.

கல்யாணத்துக்கு முன் மாமல்லபுரம் போய் அவர்கள் குடியேறும் அறைக்கும் விளக்குப் போட்டேன். படுக்கையறைக்குச் சுவிட்ச் கட்டிலின் இரண்டு பக்கமும் வைக்கலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் போட்டு அணைக்கலாம் என்று என் கெட்டிக்காரத்தனத்தை ஜீவாவிடம் சைகையில் விளக்கினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரு விரலைக் காட்டினார். ஒன்று போதும். கட்டிலைச் சுற்றி நடந்து போய், ரேவதி படுக்கும் பக்கத்துச் சுவரைத் தொட்டுக் காட்டினார்.

கல்யாணம் முடிந்து கருங்குழி வீட்டில் விருந்து. இந்த முறை என்னை முறையாக அழைத்தார்கள். ஹாலில் முப்பது பேர், பெரும்பாலும் இவர்களின் நண்பர்கள். விளக்கு வைக்கிற நேரம் கல்பனா சுவிட்சைப் போட்டார். முப்பது ஜோடிக் கைகளும் கும்பிட்டன. ஒரு நொடிதான். பிறகு அந்தக் கைகள் பிரிந்து பேசத் தொடங்கின. படியில் நின்றவர் வாசலில் இருந்தவரோடு, நடுவில் ஐந்து பேச்சுகளைத் தாண்டி, கத்தாமல் பேசினார். வாய் நிறைய பிரியாணியோடு ஒருவர் அரசியல் பேசினார். ஒரு சொல்லும் இன்னொன்றோடு மோதிக்கொள்ளவில்லை. ஜீவாவின் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எல்லாம் பேசிகினே கீதுங்க நைனா, நமக்குத்தான் காது அடச்சிகினு கீது” என்றார்.

வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே எழுந்து பின்னால் நகர்ந்த நான் சுவிட்ச் போர்டில் சாய்ந்துவிட்டேன். ஹால் ஒரு முறை அணைந்து எரிந்தது.

அந்த வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாக் கைகளும் நின்றன. முப்பது முகங்களும், ஒன்றில்கூட நிழலில்லாமல், என் பக்கம் திரும்பி நான் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தன. இத்தனை வருடத் தொழிலில் ஒரு சபை முழுக்க என் பேச்சுக்காகக் காத்திருந்தது அன்று மட்டும்தான். எனக்கு அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. 

விருந்துக்கும் பழக்கத்தில் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்த வேலைப் பையைக் கீழே வைத்தேன். அவர்களைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டேன். இந்த முறை எனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.